ஈரக் கரண்டியும் தீட்டும்: பொருநைக் கரையில் பக்குவத்தின் கதை

ஊறுகாய், தொக்கு, புளிக்காய்ச்சல், வற்றல், கருப்பட்டி முதலிய பண்டங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் சுவையைப் பற்றியே எழுதுகின்றனர். எந்த ஊர் மாவடு சிறந்தது, எந்த வீட்டு நார்த்தங்காய் கசக்காது என்னும் பேச்சே மிகுதி. சுவையைப் பேசுவதில் தவறில்லை. எனினும் இப்பண்டங்களைக் கெடாமல் காத்தது எது என்று கேட்டுப் பார்த்தால் நாம் வேறொரு வரலாற்றுக்குள் நுழைய நேர்கிறது. அது கலத்தைக் கழுவிய வரலாறு. கழுவியபின் ஈரம் போக உலர்த்திய வரலாறு. சுண்ணாம்பு தடவிய, ஈயம் பூசிய, வேடு கட்டிய வரலாறு. சுருங்கச் சொன்னால் 'சுத்தம்' என்ற சொல்லின் வரலாறு.

இச்சொல்லுக்கு நம் அடுக்களைகளில் இரண்டு பொருள்கள் இருந்து வந்துள்ளன. ஒன்று, பண்டம் கெடாதிருக்கச் செய்யும் தொழிற்சுத்தம். மற்றொன்று, யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று வகுத்த தீட்டுச் சுத்தம். இரண்டும் நெடுங்காலம் ஒரே சொல்லுக்குள் ஒளிந்து வாழ்ந்தன. பொதிகையில் தோன்றி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் கரைகளில் இவ்விரண்டும் எவ்வாறு பின்னிக் கிடந்தன, எவ்வாறு பிரியத் தொடங்கின என்பதை இக்கட்டுரையில் காண முயல்வோம். முடிவில், இன்று பாளையங்கோட்டை அடுக்ககங்களில் மேடைமீது அமர்ந்திருக்கும் மைக்ரோவேவ் எனும் நுண்ணலை அடுப்பு வரை இக்கதை வந்து சேரும்.

இலக்கியத்தில் இரு சான்றுகள்

தமிழில் ஊறுகாய்க்குக் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய இந்நூலில், அந்தணர் இல்லத்தில் பாணன் பெறக்கூடிய உணவு விவரிக்கப்படுகிறது. பசுவெண்ணெயில் வெந்த மாதுளங்காயில் மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்திருக்கும். உடன் மாவடுவால் ஆன காடியும் உண்டு. உரைகாரர் அதனை ஊறுகாய் என்றே கொண்டனர். பாடப்பட்ட நிலம் தொண்டைநாடு. ஆனால் அப்பாட்டு நமக்குக் கிடைத்ததில் பொருநைக் கரைக்கும் பங்குண்டு. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் ஆழ்வார்திருநகரிக்கு வந்ததையும், அங்குள்ள கவிராயர் வீட்டில் பத்துப்பாட்டு ஏடு கிடைத்ததையும் 'என் சரித்திரம்' நூலில் உருக்கமாகச் சொல்கிறார். பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. ஏட்டைக் காப்பதும் ஒரு பக்குவமே. மஞ்சளும் எண்ணெயும் தடவி, ஈரமும் பூச்சியும் அணுகாமல் பார்த்து, பழுது கண்டபோது படியெடுத்து வைத்தவர்கள் இருந்ததால்தான் அந்த மாவடு இன்று நம் கைக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது சான்று குறுந்தொகையின் 167ஆம் பாடல். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக இல்லறம் தொடங்கிய பெண் கணவனுக்காகப் புளிக்குழம்பு சமைக்கிறாள். முற்றிய தயிரைப் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொள்கிறாள்; அந்த ஆடையைத் துவைக்காமல் உடுத்தபடியே வேலையைத் தொடர்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகிறது. அவன் இனிது என்று உண்கிறான்; அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. வகுப்பறையில் இப்பாட்டை நடத்தும்போது மாணவர்கள் அந்த ஆடையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். கறைபட்ட ஆடையைச் செவிலி குறையாகச் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பைவிட்டு அவள் நகர முடியாது, பதம் தப்பிவிடும். அன்றே சமைத்து அன்றே உண்ணும் குழம்புக்கு அந்தச் சுத்தம் போதும். மாதக்கணக்கில் இருக்க வேண்டிய காடிக்குப் போதாது. உடனுண்ணும் பண்டத்துக்கும் இருத்தி உண்ணும் பண்டத்துக்கும் உள்ள இவ்வேறுபாடே பக்குவக் கலையின் தொடக்கம்.

அம்பாசமுத்திரத்துப் புளிங்கறி

இலக்கியத்திலிருந்து கல்வெட்டுக்கு வருவோம். அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முள்ளிநாட்டு இளங்கோக்குடித் திருப்போத்துடையார் கோயிலின் நான்கு கால வழிபாட்டுக்காக மன்னன் 290 காசுகளை இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைக்கிறான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வீதம் 580 கலம் நெல்லை அவர்கள் அளந்து தரவேண்டும். முதல் கெடாமல் வட்டியைக் கொண்டே செலவு நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த நெல்லைக் கொண்டு என்னென்ன படைக்க வேண்டும் என்று கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது. அரிசி, பயறு, பசு நெய், பசுத்தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி என்று அது நீள்கிறது. 'காயம்' என்ற தலைப்பின்கீழ் மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகிய ஐந்தும் இடம்பெறுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இப்பள்ளத்தாக்கில் ஒரு குழம்பு எதனால் ஆனது என்பதற்கு இதைவிட நேரடியான ஆவணம் கிடைப்பது அரிது. புளி இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, கடுகும் மல்லியும் இருக்கின்றன. மிளகாய் இல்லை.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பின்னரே அது இந்தியாவுக்கு வந்தது. அவர்களது செல்வாக்கு முத்துக்குளித்துறையில் 1530களில் வேரூன்றி, 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றும் வரை நீடித்தது. 'மிளகாய்' என்ற சொல்லே மிளகுக்குப் பின் வந்தது என்பதைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே இன்று நாம் மரபு என்று கொண்டாடும் சிவந்த ஊறுகாயின் நிறத்துக்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேல் வயதில்லை. ஆனால் அதைக் கெடாமல் வைத்திருக்கும் உப்பும் புளிப்பும் வெயிலும் மிகப் பழையவை. உமணர் வண்டி கட்டிய காலந்தொட்டு உப்புக்கு இப்பகுதியில் பஞ்சம் இருந்ததில்லை; இன்றும் தமிழகத்து உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி அளங்களில்தான் விளைகிறது.

கலமும் அதன் சட்டமும்

ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. காருகுறிச்சி மண்பானை மூச்சு விடும். தண்ணீருக்கு நல்லது, ஊறுகாய்க்கு ஆகாது. சுவரின் நுண்துளைகளில் பழைய பண்டத்தின் எச்சம் தங்கிவிடும். மாக்கல்லால் கடைந்த கல்சட்டியில் புளிக்குழம்பு மறுநாளும் மாறாத சுவையோடு இருக்கும். ஆனால் புதுச்சட்டியை நேரே அடுப்பில் ஏற்ற முடியாது. கழுநீரும் கஞ்சியும் பல நாள் ஊற்றி, எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பேறும். அதனால் ஈயம் பூச வேண்டும். துருத்தியும் நவச்சாரமும் ஈயக்கட்டியுமாகத் தெருத்தெருவாக வந்த ஈயம் பூசுவோர் எவர்சில்வரின் வரவுக்குப் பின் மெல்ல மறைந்தனர். ஊறுகாய்க்கென்று வாய்த்த கலம் பீங்கான் ஜாடி. மெருகேற்றிய அதன் சுவர் எதையும் உறிஞ்சாது. உப்பும் புளிப்பும் அதை அரிக்காது.

ஜாடியைக் கையாளும் முறையை நெல்லை வீட்டு ஆச்சிமார் யாரிடமும் எழுதிக் கற்றதில்லை. ஜாடியை வெந்நீரில் கழுவி, ஒரு பகல் முழுதும் வெயிலில் கவிழ்க்க வேண்டும். தணலில் பெருங்காயத்தைப் போட்டு அப்புகையை ஜாடிக்குள் பிடிப்பாரும் உண்டு. மாங்காயைக் கழுவியபின் துணியால் துடைத்து, நிழலில் ஈரம் போக்கிய பிறகே அரிய வேண்டும். உப்பை வறுத்துச் சேர்க்க வேண்டும். மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் நிற்க வேண்டும். வெள்ளைத் துணியால் வேடு கட்ட வேண்டும். எடுப்பதற்கு உலர்ந்த மரக்கரண்டி. ஈரக் கரண்டி உள்ளே போகவே கூடாது.

இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் இன்று காரணம் சொல்ல முடியும். நுண்ணுயிர் வளர நீர் வேண்டும். உப்பும் சர்க்கரையும் அந்நீரைக் கட்டிப்போடுகின்றன. எண்ணெய் காற்றை விலக்குகிறது. பூசணம் காற்றின்றி வளராது. புளிப்பு மிகுந்த இடத்தில் நச்சுக்கிருமிகளில் பலவும் தலையெடுக்க முடியாது. பாட்டுலினம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி, அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். எண் 4.6க்குக் கீழே இருந்தால் வளர்வதில்லை. ஈரக் கரண்டி செய்வது என்ன? எண்ணெய்க்கு அடியில் ஒரு துளி நீரை இறக்கி, அவ்விடத்தில் மட்டும் உப்பின் செறிவைக் குறைத்து, கிருமிக்கு ஒரு குடியிருப்பை அமைத்துத் தருகிறது. ஆச்சிக்குக் கிருமி தெரியாது. அதன் குடியிருப்பு தெரிந்திருந்தது.

விடிலியில் ஒரு சோதனைக்கூடம்

ஆற்றின் வடகரையும் தென்கரையும் நெல்லும் வாழையும் விளையும் நஞ்சை. தெற்கே சற்று விலகினால் சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை என்று செம்மண் தேரியும் பனங்காடும் தொடங்கிவிடும். பக்குவக் கலையின் மிகக் கடுமையான பயிற்சி நடந்த இடம் அக்ரகாரத்து அடுக்களையோ பிள்ளைமார் வீட்டு அடுக்களையோ அல்ல. இந்தத் தேரிக்காட்டு விடிலிதான் என்பது நம் கருத்து. விடிலி என்பது பனையேறியின் குடும்பம் பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசை.

பாளையைச் சீவினால் வடியும் சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் சர்க்கரை உண்டு. காற்றிலுள்ள ஈஸ்ட் அதில் விழுந்தால் சில மணி நேரத்தில் நொதித்துக் கள்ளாகிவிடும். அதைத் தடுப்பது கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோகிறது. நொதிக்கும் உயிர்கள் முடங்குகின்றன. ஆக, ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தவறினால் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் சட்டத்தின் கோடும் இந்தச் சுண்ணாம்புக் கோட்டின்மீதே செல்கிறது. ஒரு பாத்திரத்தின் சுத்தம் குற்றத்துக்கும் தொழிலுக்கும் எல்லையாக நிற்கும் விந்தை வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

பனையேறி நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மரம் ஏறுவார். அதுவும் காலை, மாலை என இருமுறை. இறக்கிய பதநீரைக் காய்ச்சுவது வீட்டுப் பெண்களின் வேலை. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். காய்ச்சும்போது பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். அதன் எண்ணெய் நுரையை அமர்த்தும். பாகை நீரில் ஒரு துளி விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார்கள். இன்னொரு பதத்தில் இறக்கி, நூல் கட்டிய பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு விளையும். முந்தைய நாளின் பாகு பானையில் ஒட்டியிருந்தால் அன்றையக் காய்ச்சல் கெடும் என்பதால் பானை கழுவுவது காய்ச்சுவதற்கு இணையான வேலை. வெப்பமானி இல்லை, அமிலம் அளக்கும் தாள் இல்லை. விரலும் கண்ணும் மூக்கும் கருவிகள்.

இரண்டு சுத்தங்கள்

இனி, கட்டுரையின் மையமான செய்திக்கு வருவோம். சுண்ணாம்பின் அளவு தவறாமல், கலயத்தின் சுத்தம் தவறாமல் இத்தொழிலைச் செய்துவந்த மக்களைச் சமூகம் எவ்வாறு நடத்தியது? 19ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலிச் சீமையில் பனையேறும் குலத்தார் கோயிலுக்குள் நுழையக்கூடாது என்றிருந்தது. தீட்டு என்பதே காரணம். அவர்கள் காய்ச்சிய கருப்பட்டி சந்தை வழியே ஊரெங்கும் சென்றது; காய்ச்சியவர்கள் கோபுரத்துக்கு வெளியே நின்றார்கள். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1849இல் அவர்களைப் பற்றி எழுதிய சிறுநூலும் அவர்களது உழைப்பைப் பதிவு செய்த அளவுக்கு அவர்களை இழித்தும் பேசியது. அச்சமூகத்தார் கடுமையாக எதிர்த்தனர். கோயில் நுழைவைச் சுற்றிய பூசல் 1899இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. சிவகாசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு 1939இல்தான் வந்தது.

கலயத்தைச் சுத்தமாக வைத்தவர் அசுத்தமானவர்; அதில் வந்த இனிப்பு சுத்தமானது. இம்முரணைப் பற்றி அக்காலத்தில் யாரும் வியந்ததாகத் தெரியவில்லை. தொழிற்சுத்தம் கண்ணுக்குத் தெரியாமல் போய்த் தீட்டுச் சுத்தம் மட்டும் சமூகத்தின் கண்ணில் நின்றதே அதற்குக் காரணம்.

அடுக்களைக்குள்ளும் இதே கதைதான். 'தூரம்' ஆன பெண் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பூசணம் பூக்கும் என்பது தமிழகத்தில் மட்டுமன்றி இந்தியா முழுவதும் வழங்கிய நம்பிக்கை. ஆண்டு முழுதும் ஜாடியைக் காத்தவளே மாதத்தில் சில நாள் அதற்குப் பகையானாள். இது கல்லாதார் நம்பிக்கை என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற புகழ்பெற்ற மருத்துவர், மாதவிலக்கான பெண் தொட்ட மலர்கள் வாடுவதாகவும் அதற்கு ஒரு நஞ்சு காரணம் என்றும் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அக்கருத்தை ஏற்கவில்லை. ஆனால் மருத்துவப் பட்டம் பெற்றவரையும் அது மயக்கியது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஊறுகாய் கெட்டதற்குக் காரணம் தேடியபோது 'யார் தொட்டார்கள்' என்ற கேள்வி முந்திக்கொண்டது. 'கரண்டி ஈரமாக இருந்ததா' என்ற கேள்வி பிந்திவிட்டது. முதற்கேள்விக்குக் கிடைக்கும் விடை ஒரு மனிதரைத் தள்ளி வைக்கும், ஜாடியைக் காக்காது.

காரணம் பிந்தி வந்தது

செய்முறை முன்னும் காரணம் பின்னுமாக வருவது உலகெங்கும் உள்ளதே. பிரெஞ்சு அரசு அறிவித்த 12,000 பிராங்கு பரிசை 1810இல் பெற்ற நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வைத்தால் கெடாது என்று காட்டினார். ஏன் கெடாது என்று அவருக்குத் தெரியாது. நுண்ணுயிரே நொதிப்புக்கும் கெடுதலுக்கும் காரணம் என்று பாஸ்டர் நிறுவியது 1857க்குப் பின் வந்த ஆண்டுகளில்தான். அப்பேரின் புட்டியும் ஆச்சியின் ஜாடியும் உடன்குடிக் கலயமும் ஒரே உண்மையை மூன்று வழிகளில் கண்டுகொண்டவை. முன்னதற்குப் பரிசும் நூலும் கிடைத்தன. பின்னிரண்டும் கைப்பழக்கமாகவே நின்றுவிட்டன.

விடுதலைக்குப் பின் மைசூரில் 1950இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1955இல் பழப்பண்டங்களுக்கான அரசாணை வந்து, விற்பனைக்குச் செய்யும் ஊறுகாய், ஜாம், சாஸ் முதலியவற்றுக்கு உரிமமும் சுகாதார விதியும் கட்டாயமாயின. இடையே, 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்து அளவும் பக்குவமும் அச்சில் ஏறின. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பழைய ஆணைகளைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. இவ்விதிகள் எதிலும் யார் தொடலாம் என்ற சாதிக்கணக்கு இல்லை. கை கழுவியிருக்க வேண்டும், கலம் கழுவியிருக்க வேண்டும் என்பதே உண்டு. இரண்டு சுத்தங்களும் ஏட்டளவிலேனும் பிரிந்த இடம் இது எனலாம்.

நெருப்பில்லா அடுப்பு

நுண்ணலை அடுப்பு போரின் பிள்ளை. 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய மேக்னட்ரான் குழல், எதிரி விமானங்களைக் கண்டறியும் ராடாருக்காக அமெரிக்கா சென்றது. அங்கு ரேதியான் நிறுவனத்தில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர், இயங்கும் குழலின் அருகில் நின்றபோது தம் பையிலிருந்த இனிப்புக்கட்டி உருகியதைக் கண்டார் என்பர். 1945இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1950இல் அது வழங்கப்பட்டது. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆறடி உயரமும் 340 கிலோ எடையும் கொண்டது. சமையல் மேடைமீது வைக்கத்தக்க அமானா அடுப்பு 1967இல் வந்தது. நம் நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் அது பரவலாக நுழைந்தது 1991க்குப் பிந்தைய தாராளமயக் காலத்தில்.

வீட்டு அடுப்பின் அலைகள் நொடிக்கு 245 கோடி முறை அதிர்பவை. அவை உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்து வெப்பமூட்டுகின்றன. பக்குவக் கலை முழுவதும் நீரை வெளியேற்றும் கலை என்று மேலே கண்டோம். நீரையே குறிவைக்கும் அடுப்பு இக்கலைக்கு ஏற்றதுதானா? ஓரளவு ஏற்றது.

புளிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். கெட்டியாகக் கரைத்த புளியை ஆழமான, வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கிளற வேண்டும். அலைகள் பண்டத்துக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவுக்கே ஆழ்ந்து செல்லும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் படுவதுமில்லை. கிளறாவிட்டால் ஓரம் கொதித்து நடு குளிர்ந்து கிடக்கும். அடிபிடிக்காது என்பது பெரிய ஆறுதல். கடுகு, மிளகாய்த் தாளிப்பை வழக்கமான அடுப்பிலேயே செய்து சேர்ப்பது நல்லது. எண்ணெய் நீரின் வழியில் நடந்துகொள்ளாது. தக்காளித் தொக்குக்கும் இதே முறைதான். கொய்யா, மாம்பழம் முதலியவற்றில் ஜாம் செய்வோர் பாகு 105 பாகை செல்சியசை எட்டியதா என்று வெப்பமானியால் பார்க்கலாம்; இல்லையெனில் குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு, விரலால் தள்ளிச் சுருக்கம் விழுகிறதா என்று பார்க்கலாம். விடிலிப் பெண்கள் நீரில் விட்டுப் பார்த்த அதே சோதனை! பாகு பொங்குவதைத் தடுக்கச் சிறிது வெண்ணெய் இடச்சொல்கின்றன மேலைச் சமையல் நூல்கள். ஆமணக்கு முத்தின் அதே வேலை.

அந்த அடுப்பால் ஆகாததும் உண்டு. புளியங்குடி எலுமிச்சையை நறுக்கி உப்பிட்டு நான்கு நிமிடம் வைத்தால் தோல் மெத்தென்று ஆகிவிடும். ஆனால் வேகுதல் வேறு, ஊறுதல் வேறு. உப்பு தோலின் உள்ளறைகள் வரை சென்று நீரை வெளியே இழுக்க நாள் வேண்டும், வெயில் வேண்டும். நான்கு நிமிட எலுமிச்சையைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரத்துக்குள் உண்டுவிட வேண்டும். அதை ஊறுகாய் என்று நம்பி மேடையில் வைக்கக்கூடாது. வெறும் ஜாடியை நுண்ணலையில் வைத்தால் கிருமி நீங்கிவிடும் என்பதும் பிழை. உலர்ந்த கண்ணாடியில் அலைகள் பற்றிக்கொள்ள நீரில்லை. ஜாடியைக் கொதிநீரில் இட்டு உலர்த்தும் பழைய வழியே சரி.

சுத்தத்தின் சட்டம் இங்கும் தொடர்கிறது. உப்பும் புளியும் கலந்த தெறிப்பு அடுப்பின் உட்சுவரில் காய்ந்தால் பூச்சை அரிக்கும்; பூச்சு உரிந்து உலோகம் தெரிந்தால் பொறி பறக்கும். அலை வெளிவரும் வாயை மூடியுள்ள மைக்கா அட்டையில் பிசுக்கு ஏறினால் அதுவும் கருகிப் பொறியும். கம்பி நாரால் தேய்ப்பது தீங்கு. ஒரு கிண்ணத்தில் நீர் ஊற்றி, நறுக்கிய எலுமிச்சை இரண்டு துண்டும் ஒரு மரக்கரண்டியும் போட்டு, நான்கைந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். கரண்டி எதற்கு எனின், அசையாத நீர் கொதிநிலையைக் கடந்தும் அமைதியாக இருந்து, தொட்டவுடன் பீறிடக்கூடும். பிறகு கதவைத் திறக்காமல் சிறிது நேரம் விட்டால் ஆவி கறையை ஊறவைத்துவிடும். மின்னிணைப்பைத் துண்டித்து, மெல்லிய துணியால் துடைத்தெடுத்து, ஈரம் உலரும்வரை கதவைத் திறந்து வைக்க வேண்டும். சாய்பாபா படத்தையோ குலதெய்வத் திருநீற்றுச் சம்புடத்தையோ அதன்மேல் வைப்போர் உண்டு; அது அவரவர் விருப்பம். துடைப்பதை மட்டும் மறக்கலாகாது.

இன்று கைவிட்டுப் போவது எது?

பதம் பார்க்கும் விரல்தான் போய்க்கொண்டிருக்கிறது. பனையேறுவோர் தொகை குறைந்துவிட்டது. அவர்தம் பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குச் சென்றனர். அவ்வளவு இழிவைச் சுமந்த தொழிலை விட்டு அவர்கள் நீங்கியதைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் மலிந்திருப்பதும், உண்மைக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கேட்டுப் பெற வேண்டி வந்ததும் அதன் விளைவுகள். ஜாடியைக் காத்த பெண்களின் அறிவும் இவ்வாறே அவர்களோடு முடிந்துவருகிறது.

இவ்வறிவைப் பதிவு செய்கிறோம் என்று கிளம்புவோர் பெரும்பாலும் 'பாட்டி வைத்தியம்' என்ற பாணியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிடுகின்றனர். ஈரக் கரண்டி கூடாது என்ற விதியும் 'தூரம்' ஆனவள் தொடக்கூடாது என்ற விதியும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. இரண்டுக்கும் 'முன்னோர் அறிவியல்' என்று பெயரும் சூட்டப்படுகிறது. மறுபுறம், தீட்டின் கொடுமையை அறிந்த வேறு சிலர் பழைய அடுக்களையை மொத்தமாக மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகின்றனர். இருதிறத்தாரும் பிரித்துப் பார்க்கும் வேலையைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பவர் பாடபேதங்களை ஒப்பிட்டு, இடைச்செருகலை விலக்கி, மூலத்தைக் காக்கிறார். அடுக்களை மரபுக்கும் அத்தகைய பதிப்பாசிரியர்கள் தேவைப்படுகின்றனர். சுண்ணாம்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, வெயில் எத்தனை நாள், எந்தக் கலம், எந்தக் கரண்டி என்று அளவோடு கேட்டு எழுத வேண்டும். யார் தொடலாகாது என்று சொல்லப்பட்டதையும் எழுத வேண்டும். ஆனால் அதைச் சமூக வரலாறு என்ற தனிப்பக்கத்தில் எழுத வேண்டும்.

நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் ஆண்டுதோறும் களப்பணிக்குச் செல்கின்றனர். நாட்டார் பாடல்களையும் விடுகதைகளையும் நூற்றுக்கணக்கில் தொகுத்துவிட்டோம். விடிலிக்குச் சென்று ஒரு பருவம் முழுதும் உடனிருந்து கலயம் கழுவும் முறையை எழுதிய ஆய்வேடு நம் பார்வைக்கு இன்னும் வரவில்லை. மாசி, பங்குனியில் பதநீர் சுரக்கத் தொடங்கும். காய்ச்சத் தெரிந்த மூதாட்டியர் இன்றும் சிலர் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்பதற்கு அடுத்த பருவத்தைத் தாண்டிக் காத்திருப்பது நல்லதல்ல.